உட்காரக் கிடைக்கும் வாய்ப்பு: 22-ஏ பிரிவுக்கு ஓர் உரை

மூலம்

ஒவ்வொரு நிறுவனத்தின் வளாகத்திலும், பணியாளர்கள் அனைவரும் தம் வேலையினூடே உட்காரக் கிடைக்கும் எந்த வாய்ப்பையும் பயன்படுத்திக்கொண்டு, வேலை நேரம் முழுவதும் காலில் நிற்கும் நிலையைத் தவிர்க்கும் வகையில், பொருத்தமான இருக்கை வசதி இருத்தல் வேண்டும்.

உரை

இது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இல் சேர்க்கப்பட்ட 22-ஏ பிரிவு. மேலே உள்ள தமிழ் அரசிதழின் தமிழ் அல்ல, படிக்க எளிதாக நான் எழுதிக்கொண்டது. 2021 செப்டம்பர் 6 அன்று தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ.கணேசன் இதற்கான மசோதாவைச் சட்டமன்றத்தில் தாக்கல் செய்தார். கடைகளில் வேலை பார்ப்பவர்கள் வேலை நேரம் முழுக்க நின்றுகொண்டே இருப்பதால் உடல் கெடுகிறது என்பது மசோதாவோடு சொல்லப்பட்ட காரணம். கேரளம் 2018-இலேயே இதைச் செய்திருந்தது. அங்கே கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள் முதலில் கழிப்பறைக்காகவும் பிறகு நாற்காலிக்காகவும் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். திருச்சூரில் ஒரு ஜவுளிக்கடைப் பெண்கள் நடத்திய மறியலுக்கு ‘இரிக்கல் சமரம்’ (உட்காரும் போராட்டம்) என்றே பெயர் விழுந்தது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு நீண்ட போராட்டம் இல்லாமலே சட்டம் வந்துவிட்டது. அதனாலோ என்னவோ, முதலாளிகள் பலர் இதைச் செய்தித்தாளில் படித்ததோடு விட்டுவிட்டார்கள்.

பிரிவு முழுக்க ஒரே வாக்கியம். இதற்குப் படிவமில்லை, பதிவேடு இல்லை, எண்ணிக்கை இல்லை. சட்டம் வந்த புதிதில் என்னிடம் ஆலோசனை கேட்ட கடைக்காரர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: “எத்தனை சேர் வாங்கணும் சார்?” வாக்கியத்தின் கடைசிச் சொற்களை மட்டும் படித்தவரின் கேள்வி அது. நாற்காலி இந்த வாக்கியத்தில் பாதி. மீதிப் பாதி நடுவில் இருக்கிறது, அதற்குக் கடையில் போய் விலை கேட்க முடியாது.

‘ஒவ்வொரு நிறுவனத்தின்’

ஜவுளிக்கடை, நகைக்கடை என்றுதான் பேச்சு நடந்தது. வாக்கியம் அப்படிச் சொல்லவில்லை. இந்தச் சட்டத்தின் பொருள்விளக்கப் பிரிவில் நிறுவனம் என்பதற்குள் கடை, வணிக நிறுவனம், திரையரங்கு எல்லாம் அடங்கும். மருந்துக்கடையும் செல்போன் ஷோரூமும் கூரியர் அலுவலகமும் உள்ளேதான்.

நம் முதலாளிகள் எண்ணிக்கையைப் பார்த்தே பழகியவர்கள். பி.எஃப். என்றால் இருபது பேர், ஈ.எஸ்.ஐ. என்றால் பத்துப் பேர். எனவே ஆறு பேர் வேலை பார்க்கும் பாத்திரக்கடைக்காரர் ‘நமக்கு வராது’ என்று நினைத்துக்கொள்கிறார். 22-ஏ-வில் அப்படி ஓர் எண் இல்லை, ஒரே ஒரு பையன் இருந்தாலும் பொருந்தும். ஓட்டல்களுக்கு 1958-இன் உணவு நிறுவனச் சட்டம் தனியாக உண்டு. மத்திய, மாநில அரசு நிறுவனங்களை 4-ஆம் பிரிவே விலக்கிவிடுகிறது. இந்தச் சொற்களுக்கு இதற்குமேல் உரை தேவையில்லை.

‘வளாகத்திலும்’

ஒரு பெரிய கடையில் நாற்காலிகளைப் பார்க்கப் போனேன். நாற்பது ஸ்டூல், புத்தம் புதுசு. மாடிப்படிக்குக் கீழே ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள், சுற்றியிருந்த பாலித்தீன் பிரிக்கப்படவில்லை. பில்லை மட்டும் பத்திரமாக ஃபைலில் வைத்திருந்தார் மேலாளர். ஆய்வாளர் வந்தால் காட்டலாமே. இன்னொரு கடையில் நான்காவது மாடியில் சாப்பாட்டுக் கூடத்தில் பெஞ்ச் போட்டிருந்தார்கள். “வளாகத்துல இருக்கணும்னுதானே சார் போட்டிருக்கு? இதுவும் வளாகம்தானே?”

எழுத்தை மட்டும் பார்த்தால் அவர் சொன்னது சரி. ஆனால் ஒரு சொல்லை அதன் வாக்கியத்திலிருந்து பிரித்துப் படிப்பது உரையாசிரியனுக்கும் ஆகாது, வழக்கறிஞருக்கும் ஆகாது. இதே சட்டம் 1947-லேயே ஒன்று சொல்லியிருக்கிறது: தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் யாரையும் வேலை வாங்கக் கூடாது, இடையில் குறைந்தது ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரத் தனிச் சட்டம் எதற்கு? இருக்கிற உரிமையையே திரும்பக் கொடுப்பதற்காகச் சட்டமன்றம் ஒரு புதுப் பிரிவை எழுதியிருக்காது என்பது பொருள்கோளின் பழைய விதி. எனவே 22-ஏ கேட்கும் இருக்கை, ஓய்வு நேரத்துக்கு வெளியே, வேலை நடக்கும் இடத்தில், கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டிய இருக்கை. பின்னால் வரும் ‘வேலையினூடே’ என்ற சொல் இதை உறுதி செய்கிறது.

‘பொருத்தமான’

சட்டம் இதற்கு விளக்கம் தரவில்லை. முதலாளிகளுக்கு இதில் எரிச்சல் உண்டு: உயரம், அகலம், முதுகு வைத்ததா, வைக்காததா என்று எழுதிவிட்டால் வாங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாமே. எனக்கு எழுதாமல் விட்டது நல்லதாகவே படுகிறது. மருந்துக்கடைக்குப் பொருந்துவது பட்டுப்புடவைப் பிரிவுக்குப் பொருந்தாது.

ஆனால் விளக்கம் இல்லையென்றால் எதுவும் பொருந்தும் என்று ஆகாது. கவுண்டர் மூன்றரை அடி உயரம். அதன் பின்னால் ஒன்றரை அடி உயர பிளாஸ்டிக் ஸ்டூல். அதில் உட்கார்ந்த பெண்ணின் உச்சந்தலை மட்டும் வெளியே தெரியும். வாடிக்கையாளர் வந்து யாரும் இல்லை என்று அடுத்த கவுண்டருக்குப் போவார், ஃப்ளோர் சூப்பர்வைசர் அங்கிருந்து கத்துவார். ஒரு வாரத்தில் அந்தப் பெண் ஸ்டூலைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு நிற்கத் தொடங்கிவிடுவார். பிறகு “போட்டுத்தான் வச்சிருக்கோம் சார், அவங்கதான் உட்கார்றதில்ல” என்பார்கள். உட்கார்ந்தால் ஆள் மறைந்துவிடும் இருக்கை பொருத்தமானது அல்ல. உயரமான கவுண்டருக்கு உயரமான ஸ்டூலும் கால் வைக்கக் கம்பியும் வேண்டும். நடைபாதை குறுகலாக இருந்தால் சுவரோடு மடக்கும் பலகை போடலாம். தச்சரைக் கூப்பிட்டு அரைநாள் அளந்தால் முடிகிற வேலை.

பழைய ஜவுளிக்கடைகளில் இந்தச் சிக்கலே இருந்ததில்லை. வெள்ளைத் துணி விரித்த மெத்தை மேடையில் விற்பவரும் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார், வாங்க வந்தவரும் உட்கார்ந்திருப்பார், புடவை இருவருக்கும் நடுவில் விரியும். சின்ன ஊர்களில் இன்னும் அப்படி வியாபாரம் நடக்கிறது. கண்ணாடிக் கவுண்டர் வந்தபோதுதான் விற்பவர் எழுந்து நின்றார், கல்லாவில் இருந்தவர் மட்டும் எழவில்லை. நின்றால்தான் மரியாதை, நின்றால்தான் வியாபாரம் என்பது நம் வணிக மரபு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

‘பணியாளர்கள் அனைவரும்’

இங்கிலாந்தில் 1899-இல் கடைப் பணியாளர்களுக்கான இருக்கைச் சட்டம் என்றே ஒரு சட்டம் வந்தது. மூன்று பெண் பணியாளர்களுக்குக் குறைந்தது ஓர் இருக்கை என்பது அதன் கணக்கு. ஆண்களுக்கு ஒன்றும் இல்லை. நம் வாக்கியத்தில் கணக்கும் இல்லை, பால் வேறுபாடும் இல்லை. நெடுநேரம் நிற்பதால் வரும் நரம்புச் சுருட்டல் ஆண்களையும் விடுவதில்லை என்பதால் இது சரியே.

‘அனைவரும்’ என்றால் தலைக்கு ஒரு நாற்காலியா? அப்படி வலிந்து படிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் தளத்தில் பன்னிரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வாய்ப்பு வராது. ஆனால் வாய்ப்பு வரும்போது இருக்கை இல்லாமல் யாரும் நிற்கும்படி ஆகக் கூடாது. கவுண்டருக்கு ஒன்று என்று தொடங்குவது நியாயமான கணக்கு. தளத்துக்கு ஒன்று போட்டு அதில் சூப்பர்வைசர் உட்காருவது எந்தக் கணக்கிலும் சேராது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வாசலில் சீருடையோடு நிற்பவர் செக்யூரிட்டி ஏஜென்சியின் ஆள். அழகுசாதனப் பிரிவில் நிற்கும் பெண்ணுக்குச் சம்பளம் தருவது அந்த பிராண்டின் கம்பெனி. லிஃப்ட் அருகே நிற்பவர் ஹவுஸ்கீப்பிங் ஒப்பந்ததாரரின் பட்டியலில் இருக்கிறார். இவர்கள் யாருடைய பணியாளர்கள்? கடைக்காரர்கள் கையை விரிக்கும் இடம் இது. “அது ஏஜென்சி பாடு.”

சட்டத்தின் 2-ஆம் பிரிவைப் புரட்டுங்கள். கடையில் வேலை செய்பவர் என்றால், அந்தக் கடையின் தொழில் தொடர்பாக முழுமையாகவோ முதன்மையாகவோ அங்கே வேலை பார்ப்பவர். சம்பளச் சீட்டு யார் பெயரில் என்று அந்த வரி கேட்கவில்லை, எங்கே, எதற்காக வேலை பார்க்கிறார் என்றே கேட்கிறது. தவிர, 22-ஏ கடமையை வளாகத்தின் மேல் சுமத்துகிறது, வளாகம் ஏஜென்சியுடையது அல்ல. 4-ஆம் பிரிவின் விலக்குப் பட்டியலில் கேர்டேக்கர்கள் இருக்கிறார்கள். காவலாளியை அதற்குள் நுழைத்துவிடலாம் என்று ஏஜென்சிக்காரர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். பூட்டிய கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவரைப் பற்றி அப்படிச் சொல்லலாம். காலை பத்து மணியிலிருந்து இரவு வரை கதவைத் திறந்து, வணக்கம் சொல்லி, பையை வாங்கி டோக்கன் கொடுத்துக்கொண்டிருப்பவர் கடையின் தொழிலில்தான் இருக்கிறார். அந்த வாதத்தை நம்பி ஒரு முதலாளி நிம்மதியாக இருக்க முடியாது.

‘வேலையினூடே உட்காரக் கிடைக்கும் எந்த வாய்ப்பையும்’

பிரிவின் உயிர் இங்கேதான். இந்தச் சொற்கள் 2021-இல் புதிதாகப் பிறந்தவையும் அல்ல. தொழிற்சாலைகள் சட்டம், 1948-இன் 44-ஆம் பிரிவு ஏறக்குறைய இதே மொழியில் பேசியது. நின்றபடி வேலை செய்தாக வேண்டிய தொழிலாளர்களுக்கு, வேலையின் இடையில் கிடைக்கும் ஓய்வு வாய்ப்புகளைப் பயன்படுத்திக்கொள்ள இருக்கை தர வேண்டும் என்றது அது. கேரளத்தின் வாக்கியமும் நம் வாக்கியமும் அந்த அச்சில் வார்த்தவை. வார்க்கும்போது இரண்டு மாறுதல் நடந்திருக்கிறது, இரண்டையும் கவனிக்க வேண்டும்.

‘நின்றபடி வேலை செய்தாக வேண்டிய’ என்ற அடைமொழி இங்கே போய்விட்டது. எனவே ‘இந்த வேலைக்கு நிற்பது கட்டாயமில்லையே, அவராகத்தான் நிற்கிறார்’ என்று முதலாளி வாதிட இடமில்லை. இது பணியாளருக்கு ஆதாயம்.

மற்றது இழப்பு. தொழிற்சாலைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவுக்கு இரண்டாவது உட்பிரிவு ஒன்று இருந்தது. ஒரு வேலையை உட்கார்ந்தபடியே திறம்படச் செய்ய முடியும் என்று தலைமை ஆய்வாளர் கருதினால், அந்தத் தொழிலாளர்களுக்கு இருக்கை தரும்படி எழுத்தில் உத்தரவிடலாம். கடைச் சட்டத்துக்கு எடுத்து வந்தபோது அதை விட்டுவிட்டார்கள். விளைவைப் பில்லிங் கவுண்டரில் பார்க்கலாம். சனிக்கிழமை மாலை, வரிசை வாசல் வரை நிற்கிறது, பில் போடும் பெண்ணுக்கு நான்கு மணி நேரமாக இடைவெளியே இல்லை. வாய்ப்பு கிடைக்கவில்லை, எனவே 22-ஏ மீறப்படவில்லை! யாருக்கு நாற்காலி மிகவும் தேவையோ அவரிடம்தான் இந்த வாக்கியம் கைவிரிக்கிறது. ஸ்கேன் செய்வதும் பணம் வாங்குவதும் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைகள். ஜெர்மனியின் சூப்பர்மார்க்கெட் காசாளர்கள் உட்கார்ந்தே பில் போடுகிறார்கள், வரிசை நகராமல் இல்லை. சட்டம் இங்கே கட்டாயப்படுத்தவில்லை என்றாலும் முதலாளி தானாகச் செய்வதற்கு யார் தடை?

அடுத்து, வாய்ப்பு ‘கிடைக்கும்’ என்கிறது மூலம். யாரோ ‘வழங்கும்’ வாய்ப்பு என்று சொல்லவில்லை, ‘அனுமதிக்கும்போது’ என்றும் சொல்லவில்லை. வாடிக்கையாளர் இல்லை, மடிக்க வேண்டிய துணி இல்லை, அடுக்க வேண்டிய கட்டு இல்லை என்றால் வாய்ப்பு வந்துவிட்டது. சூப்பர்வைசர் தலையாட்டும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ‘எந்த’ என்ற அடை அதை இன்னும் விரிக்கிறது. இரண்டு நிமிடமும் வாய்ப்புதான்.

வாடிக்கையாளர் முன்னால் நிற்கும்போது எழுந்து நின்று புடவை விரிக்கச் சொல்ல முதலாளிக்கு உரிமை உண்டா? உண்டு. அதை இந்தப் பிரிவு பறிக்கவில்லை. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அலமாரி துடைக்கச் சொல்லலாமா? சொல்லலாம். ஆனால் பத்து நிமிடத்துக்கு முன் அடுக்கிய அதே கட்டைப் பிரித்து மறுபடி அடுக்கச் சொன்னால் அது வேலை வாங்குவதல்ல, உட்காரவிடாமல் செய்வது. தளத்தில் இருக்கும் எல்லோருக்கும் இந்த வித்தியாசம் தெரியும். விசாரணை என்று வந்தால் அவர்கள் சொல்லவும் செய்வார்கள்.

இங்கே கேமரா வருகிறது. முதலாளி அண்ணாச்சி வீட்டில் உட்கார்ந்து செல்போனில் கடையைப் பார்க்கிறார். சூப்பர்வைசருக்கு அழைப்பு வருகிறது: “மூணாவது கவுண்டர்ல யாருடா உட்கார்ந்திருக்கா?” அன்று மாலை அந்தப் பெண்ணின் கணக்கில் ஐம்பது ரூபாய் பிடித்தம். சட்டம் வந்த பின்னும் பல கடைகளில் இது ஓய்ந்தபாடில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின் 19-ஆம் பிரிவை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். எந்தெந்தச் செயலுக்கு அபராதம் என்று அரசின் ஒப்புதலோடு அறிவிப்புப் பலகையில் போட்டிருக்க வேண்டும். பணியாளருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். மொத்த அபராதம் அந்தச் சம்பளக் காலத்து ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ‘உட்கார்ந்தது’ என்பதை எந்த அதிகாரியும் அந்தப் பட்டியலில் ஒப்புக்கொள்ள மாட்டார். எனவே அந்த ஐம்பது ரூபாய்ப் பிடித்தம் ஒரே நேரத்தில் இரண்டு சட்டங்களோடு மோதுகிறது. அதையே காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தினால் மூன்றாவதும் சேரும். கடைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமின்றி நிறுத்தக் கூடாது என்கிறது. சட்டம் தந்த உரிமையைப் பயன்படுத்தியது நியாயமான காரணம் ஆகாது.

‘வேலை நேரம் முழுவதும் காலில் நிற்கும் நிலையைத் தவிர்க்கும் வகையில்’

இது நோக்கம் சொல்லும் பகுதி. ஒரு குறும்பான வாசிப்புக்கும் இதில் இடமிருக்கிறது: ‘முழுவதும்’ நிற்பதைத்தானே தவிர்க்கச் சொல்கிறது, நாளில் ஐந்து நிமிடம் உட்கார வைத்துவிட்டால் முழுவதும் நின்றதாக ஆகாதே? சட்டம் தெரிந்த ஒருவர் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னார். முன்னால் ‘எந்த வாய்ப்பையும்’ என்று வந்துவிட்ட பிறகு இந்த ஐந்து நிமிடக் கணக்கு நிற்காது.

நேரத்தின் அளவையும் நினைவில் வைக்க வேண்டும். கடைச் சட்டப்படி நாளுக்கு எட்டு மணி நேரம், மிகைநேரம் சேர்த்தால் பத்து. இடைவேளைகளையும் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் நாள் முடிய வேண்டும். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்திய வாரங்களிலும் இந்த எல்லைகள் எந்த அளவுக்கு மதிக்கப்படுகின்றன என்பது தி.நகர் பக்கம் இரவு பத்து மணிக்குப் போனவர்களுக்குத் தெரியும். அங்குள்ள ஜவுளிக்கடைப் பணியாளர்களின் வாழ்க்கையைக் காட்டிய வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010-இல் வந்த படம், பிரிவு வந்தது 2021-இல். இடையிலுள்ள பதினோரு ஆண்டுகளில் இது தெரியாது என்று சொல்லும் நிலையில் யாரும் இல்லை.

‘இருத்தல் வேண்டும்’

கட்டாயம். ‘இருக்கலாம்’ அல்ல, ‘இயன்றவரை’ அல்ல. ஆனால் இந்த வாக்கியத்தைச் சோதிக்க வரும் தொழிலாளர் உதவி ஆய்வாளரால் நாற்காலிகளை எண்ண முடியும், உட்கார்ந்த நிமிடங்களை எண்ண முடியாது. அவர் வரும் பத்து நிமிடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்படி பார்த்துக்கொள்வது சூப்பர்வைசருக்குப் பெரிய காரியமில்லை. அதனால்தான் தொடக்கத்தில் நாற்காலி பாதி என்றேன்.

புதிதாக வந்த ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பணிப் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பும் அதே 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் வணிக இடங்களும் அதில் வருகின்றன. அதன் நலவசதிப் பட்டியலிலும் இருக்கை உண்டு. ஆனால் பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் நடையிலேயே, ‘நின்றபடி வேலை செய்தாக வேண்டிய’ தொழிலாளர்களுக்கு மட்டும். ‘இனி மத்தியச் சட்டம்தான், 22-ஏ போய்விட்டது’ என்று ஒரு பேச்சு முதலாளிகள் வட்டத்தில் ஓடுகிறது. அது சரியல்ல. தொகுப்புகள் நீக்கியது மத்தியச் சட்டங்களை, மாநிலக் கடைச் சட்டத்தை அல்ல. இரண்டில் விரிவானது நம் மாநில வாக்கியம், அதைப் பின்பற்றினால் மற்றதும் தானாக நிறைவேறிவிடும்.

இனி நாற்காலிக்கு முன் செய்ய வேண்டியவை. பல கடைகளின் நியமனக் கடிதத்தில், அச்சடித்த விதிகளுக்கு நடுவே, ‘பணி நேரத்தில் அனுமதியின்றி உட்காரக் கூடாது’ என்ற வரி இன்னும் இருக்கிறது. கடிதத்தில் இல்லாவிட்டால் பயிற்சி நாளில் வாய்மொழியாகச் சொல்லப்படுகிறது. அந்த வரியை அடித்துவிட்டு, வாடிக்கையாளர் இல்லாதபோது கவுண்டரிலேயே உட்காரலாம், அதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று தமிழில் எழுதி மேலாளர் கையெழுத்தோடு தளத்துக்குத் தளம் ஒட்ட வேண்டும். வடமாநிலப் பணியாளர்கள் இருக்கும் கடையானால் இந்தியிலும் ஒட்ட வேண்டும். சூப்பர்வைசரின் ஊக்கத்தொகைக் கணக்கில் ‘ஒழுங்கு’ என்ற தலைப்பில் உட்கார்ந்தவர்களுக்கு மதிப்பெண் குறைக்கும் பத்தி இருந்தால் அதையும் எடுக்க வேண்டும். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மார்ச் மாதம் புதுப்பிக்கப்படும். அப்போது காவலாளியின் இருக்கை யார் பொறுப்பு என்று ஒரு வரி சேர்த்துவிடுவது, பிறகு ஆய்வாளர் முன்னால் இரண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவதைவிட மலிவு.